பலகைக்கு வைத்த சந்தனம்

எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. என் நாத்தனார் விட்டுவிட்டுப் போன இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துத்தான் யார் கேட்டாலும் ஆறு என்று சொல்வேன். ஆறு பேரும் இந்த நெய்வேலி டவுன்ஷிப் பள்ளிக்கூடங்களில்தான் படித்தார்கள். அதில் கடைசி மகள் படித்த ஊரிலேயே டீச்சராகவும் ஆனாள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பென்ஷன் வாங்கப் போனால் கையெழுத்துதான் போடுவேன், இதுவரை கைநாட்டு வைத்ததில்லை. இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். புத்தகத்தில் வருகிற மாதிரி எழுதுகிறேன் ஆயா என்றாள். எழுது, ஆனால் மனிதர்கள் வாய்விட்டுப் பேசியதை மட்டும் பேசிய மாதிரியே விடு என்று சொல்லியிருக்கிறேன்.

சந்தனத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

என் வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில் சக்கர மிஷின் ஓட்டியவர். மண்ணை வெட்டிக்கொண்டே சுற்றுகிற அந்தச் சக்கரத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கோயில் கோபுரம் ஒன்று எழுந்து நடக்கிற மாதிரி இருக்கும். ஆயுத பூசை வந்தால் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். வாழை மரம் கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். அவரோடு ஷிப்டில் இருந்த வேதக்காரர், பாய் எல்லோரும் அன்றைக்கு ஒன்றாக நின்று கும்பிடுவார்கள். மிஷின் எல்லோருக்கும் சோறு போடுகிறதே, அதற்கு மதம் ஏது. ஆனால் கடைச் சந்தனத்தூளைக் கரைத்து வைத்தால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் உதிர்ந்துவிடும். இரும்பு சூடு, மேலே தூசி, எப்படி நிற்கும்? அவருக்கு அது பெரிய குறை. பொட்டு உதிர்ந்தால் அந்த வருஷம் முழுக்க மனசு ஒரு மாதிரி இருக்கிறது என்பார்.

நான்தான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கட்டைச் சந்தனத்தைப் பன்னீர் விட்டு இழைக்க வேண்டும். சிட்டிகை மஞ்சள். கடைசியில் ஒரு கரண்டி வடிகஞ்சி, கொஞ்சம் ஆறியது. அவ்வளவுதான். அதை வைத்தால் மழை பெய்தாலும் காற்று அடித்தாலும் நிற்கும். அடுத்த பூசைக்குப் போகும்போது போன வருஷத்துப் பொட்டு சக்கரத்தின் நெற்றியில் மங்கலாக இருக்கும். எங்கள் பிளாக்கில் பூசைக்கு முதல் நாள் ஆளுக்கொரு கிண்ணத்தோடு என் வாசலில் நிற்பார்கள். மனிதர் நெற்றிக்கு என்றால் கஞ்சி கிடையாது, மிஷினுக்கு என்றால் கஞ்சி. கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.

அவர் ரிட்டயர் ஆன பிறகு குவார்ட்டர்ஸை விட்டு, டவுன்ஷிப் எல்லையில் இருக்கிற ஆர்ச் கேட்டுக்கு வெளியே சின்னதாக ஒரு வீடு கட்டி வந்தோம். அவர் போய்விட்டார். இப்போது நான், கடைசி மகள், அவள் வீட்டுக்காரர், பேத்தி. மாப்பிள்ளை சேத்தியாத்தோப்புப் பக்கம். சுரங்கத்தில்தான் வேலை, ஆனால் காண்ட்ராக்ட். மகளுக்கும் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை. வருஷா வருஷம் ஆர்டர் புதுப்பித்துத் தருவார்கள். தராமல் போனால் கேட்க முடியாது. ஒரு வீட்டில் இரண்டு சம்பளம் வந்தும் ஒன்றும் நிரந்தரம் இல்லை என்றால் அது எப்படிப்பட்ட வீடு என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

பேத்தியும் மகளுடைய பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். அவள் ஏழாவது படிக்கிறபோது அங்கே ஸ்மார்ட் போர்டு என்று ஒன்று வந்து இறங்கியது. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். பழைய டீச்சர்கள் ஒருவரும் அதன் கிட்டே போகவில்லை. ஒருத்தருக்குக் கண் எரிகிறது, ஒருத்தருக்கு முட்டி வலிக்கிறது. கடைசியில் சின்னப் பெண் இருக்கிறாளே, அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று என் மகள் தலையில் வைத்தார்கள். அவள் பயப்படவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் போனில் அதையே பார்த்துப் படிப்பாள். தலைமை ஆசிரியையைப் பெரிய டீச்சர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் டீச்சர்கள் அத்தனை பேர் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னாராம்: இந்தப் போர்டை யார் நன்றாக நடத்துகிறார்களோ, நிரந்தர இடம் காலியானால் அவர்களுக்காக நானே நிர்வாகத்துக்கு எழுதுவேன் என்று. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எங்கள் வீடு அந்த வருஷம் நடந்தது.

பெரிய டீச்சரும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்தான். அவர் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர். ஆயுத பூசை விடுமுறைக்கு முதல் நாள் பள்ளிக்கூடத்தில் பூசை போடுவார்கள். அந்த வருஷம் ஸ்மார்ட் போர்டு புதுசு, அதனால் சந்தனம் உன் வீட்டிலிருந்து வரட்டும், உன் அம்மா சந்தனத்தைப் பற்றி எங்கப்பா சொல்லியிருக்கிறார் என்று மகளிடம் சொல்லியனுப்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மிஷினுக்குத்தானே என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, கஞ்சி கலந்து, பித்தளைக் கிண்ணத்தில் நானே எடுத்துக்கொண்டு போனேன்.

அன்றைக்குத்தான் அந்தப் போர்டை முதலில் பார்த்தேன். ஒரு வெள்ளைப் பலகை. சுற்றிலும் நான்கு விரல் அகலம்கூட இல்லாத கறுப்புச் சட்டம். இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்தேன். மகள் எதையோ அழுத்தினாள். ஒரு இதயம் வந்து நின்று அடித்துக்கொண்டது. தோலை உரித்த மாதிரி சிவப்பாக, ரத்தம் உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரிய. எனக்கு என் நெஞ்சில் கை போய்விட்டது. ஆறு பிள்ளைகளை மார்பில் போட்டு வளர்த்தவள் நான், உள்ளே அது இப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது என்று யாரும் சொன்னதில்லை.

பிறகு பேத்தி வந்து, ஆயா, நம்ம ஊரைக் காட்டுகிறேன் பார் என்றாள். வானத்திலிருந்து எடுத்த படம். பச்சையாக ஒரு துணியை விரித்து, அதில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. அதுதான் டவுன்ஷிப் என்றாள். அவள் விரலை வைத்து இழுத்தாள். ஊரே நகர்ந்தது. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். நகர்ந்து வந்து நின்ற இடத்தில் பச்சை இல்லை. பெரிய சாம்பல் நிறப் பள்ளம், ஓரமெல்லாம் படிப்படியாக, ஏதோ ஒன்று நகத்தால் பிறாண்டி எடுத்த மாதிரி. இதுதான் மைன்ஸ் என்றாள்.

வருஷத்துக்கு ஒரு நாள் உள்ளே போய்ப் பொட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து, சங்கு ஊதினால் வருகிற நேரம் பார்த்து, அந்தக் கரித்தூசித் துணியைத் துவைத்துக் காய்த்துப்போன கை இது. ஆனால் அது இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. ஊரைவிடப் பள்ளம் பெரியதாக இருந்தது. அவர் ஓட்டின மிஷின் எங்கே என்று கேட்டேன். பேத்தி இரண்டு விரலை வைத்து விரித்து, விரித்து, கடைசியில் எறும்பு மாதிரி ஒன்றைக் காட்டினாள். கோபுரம் என்று சொன்னேனே, அதுதான் அந்த எறும்பு. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் பிள்ளைகள் பொரி தின்றுகொண்டு, மிஸ், அடுத்தது கடல் காட்டுங்க என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளைகூடத் திடுக்கிடவில்லை. எனக்கு அதையும் நம்ப முடியவில்லை.

பூசை ஆரம்பித்தது. பெரிய டீச்சர் தன் கையாலேயே பொட்டு வைத்தார். மணிக்கு, ஆய்வுக்கூடத் தராசுக்கு, தையல் மிஷினுக்கு, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு. கடைசியாக ஸ்மார்ட் போர்டு. கறுப்புச் சட்டத்தின் நான்கு மூலையிலும் வைத்தார். வாசல் நிலைக்கு வைப்பது போல மேலே நடுவிலும் ஒன்று, நல்ல கனமாக. அதன் நடுவே குங்குமம். கறுப்பில் மஞ்சளும் சிவப்பும் எடுப்பாக இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, எப்படி ஒட்டுது பாருங்கம்மா என்றார். நான் தலையை ஆட்டினேன். யாரோ போனில் படம்கூட எடுத்தார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று மகள் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. பேத்திதான் சொன்னாள். போர்டுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது ஆயா என்று. நடுவில் தொட்டால் கோடு மூலைக்கு ஓடுகிறதாம். எழுதாத எழுத்து தானாக வருகிறதாம். ஒரு பக்கம் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு சின்ன வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வரப் பயந்தார்கள். அணைத்துப் போட்டார்கள், ஒயரைப் பிடுங்கிச் சொருகினார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வாரம் நிர்வாகத்திலிருந்து ஒரு அதிகாரி இந்தப் போர்டில் பாடம் நடப்பதைப் பார்க்க வருவதாக இருந்தது. பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். பெரிய டீச்சர் வந்து போர்டைப் பார்த்தாராம். பொட்டு வைக்கும்போது சிரித்த முகம், இப்போது அப்படி இல்லை. நிரந்தர வேலையில் இருந்த ஒரு சார், டெம்ப்ரவரி ஆளுங்ககிட்ட விலை அதிகமான பொருளக் குடுத்தா இப்படித்தான் என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாராம். மறுநாள் மகள் கையில் ஒரு மெமோ வந்தது. போர்டைக் கவனக்குறைவாகப் பயன்படுத்தியதற்கு விளக்கம் தர வேண்டும் என்று.

மெமோ என்ற வார்த்தை இந்த ஊரில் எப்படிக் கேட்கும் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் மெமோ வந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. என் வீட்டில் அந்த வார்த்தை நுழைந்ததே இல்லை. அந்தத் தாளை மேசை மேல் வைத்துவிட்டு மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் மத்தியானம், போர்டு கொடுத்த கம்பெனிக்காரனை மகள் போனில் பிடித்தாள். சென்னையில் இருக்கிறான், நேரில் வர ஒரு வாரம் ஆகும் என்றான். சரி, வீடியோவில் காட்டுங்கள் மேடம் என்றான். அவள் போனைப் பிடித்துக்கொண்டு போர்டின் ஓரமெல்லாம் காட்டிக்கொண்டே வந்தாள். அப்போது அவன் கேட்டானாம், மேடம், மேல மஞ்சளா என்ன அது என்று. இவள், அது பொட்டு சார் என்றாள். பொட்டா, போர்டுக்கா என்றான்.

இதை அவள் வந்து சொன்னபோது நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அவன் சொன்னது இது. அந்தக் கறுப்புச் சட்டத்தின் உள்விளிம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் குறுக்கும் நெடுக்கும் நூல் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறதாம். நாம் விரலை வைத்தால் அந்த நூல் மறைகிறது. எங்கே மறைகிறதோ அங்கே விரல் இருக்கிறது என்று போர்டு தெரிந்துகொள்கிறது. மேலே வைத்த பொட்டிலும் ஒரு மூலைப் பொட்டிலும் சந்தனம் உள்விளிம்பு வரைக்கும் வழிந்து காய்ந்து கிடக்கிறது. அதைப் போர்டு விரல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. பூசை அன்றைக்குப் பெரிய டீச்சர் வைத்த விரல் இன்னும் எடுக்கவே இல்லை என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சந்தனம் எல்லோர் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. மகள் பார்த்தாள், டீச்சர்கள் பார்த்தார்கள், பெரிய டீச்சர் அதன் நேர் எதிரே நின்று திட்டினார். எவருக்கும் தோன்றவில்லை. மிஷின் என்று இருந்தால் அதில் பொட்டு இருக்கும், அதை எங்கள் ஊரில் யார் தனியாகப் பார்ப்பார்கள்? அது வேண்டாத பொருள் என்று சொல்ல வெளியூர்க்காரன் ஒருவன் போனுக்குள்ளிருந்து பார்க்க வேண்டியிருந்தது. கோபுரம் போல நின்ற சக்கரம் வருஷா வருஷம் என் சந்தனத்தைத் தாங்கிக்கொண்டு ஓடியது. சுவரில் மாட்டுகிற ஒரு பலகைக்கு ஒரு துளி ஆகவில்லை. கஞ்சி போடாத சந்தனமாக இருந்திருந்தால் உதிர்ந்து போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

துடைத்தால் சரியாகிவிடும், ஈரத்துணி போதும் என்றானாம். ஆனால் மகள் துடைக்காமல் பூட்டிவிட்டு வந்திருந்தாள். பெரிய டீச்சர் மீட்டிங்குக்குப் போயிருந்தார், அவரிடம் காட்டிவிட்டுத் துடைப்பதா, காட்டாமலே துடைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மெமோவுக்கு என்ன எழுதுவது என்பதுதான் அவளுக்குக் கவலை. மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத் துண்டோடு எல்லாவற்றையும் கேட்டார்.

"காலையில மொதல் ஆளாப் போய்த் தொடச்சிடு. கம்பெனிக்காரன் போன்லயே சரி பண்ணிட்டான்னு சொல்லிடு. மெமோவுக்கு, தப்பு என்னோடதுதான், மன்னிச்சிக்குங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. முடிஞ்சிது."

நான் சும்மா இருக்கவில்லை.

"மாப்ள, உங்க மாமா அத்தன வருஷம் வேல பாத்தாரு. செய்யாத தப்ப எம்மேலன்னு ஒரு நாளும் எழுதிக் குடுத்ததில்ல."

"மாமா பர்மனெண்ட் அத்த" என்றார் மாப்பிள்ளை.

அவர் என்னை மட்டம்தட்டச் சொல்லவில்லை. சாதாரணமாக, கொடியில் துண்டைப் போட்டுக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் யாரோ முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் அவருடைய நேர்மை என்று நான் பெருமை பேசியதில் பாதி, அவர் கையில் இருந்த ஆர்டரின் பலம்தானா? அதற்கு இன்று வரைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

மகள் என் பக்கம் திரும்பி, "யம்மா, பெரிய டீச்சர் வச்ச பொட்டாலதான் கெட்டுதுன்னு அவங்களுக்கே எழுதுனா, வர்ற ஜூன்ல ஆர்டர் யாரு குடுப்பா? மாசம் பொறந்தா ஸ்கூல் பீஸ் இருக்கில்ல?" என்றாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள். தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்து நாளைக்கு நிரந்தர இடம் வரும்போதும் பைலில் கிடக்கும், அதுவும் அவளுக்குத் தெரியும். பேத்தி மூலையில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

கைப்பையில் கடிதத்தை வைத்துவிட்டு மகள் இன்னொன்று சொன்னாள். நாளைக்கு அதிகாரியை வரவேற்கச் சந்தனம் வேண்டுமாம், உன் அம்மாவையே அரைத்துத் தரச் சொல்லு என்று பெரிய டீச்சர் சொல்லியிருக்கிறாராம்.

மெமோ கொடுத்த கைதான் சந்தனமும் கேட்கிறது. அரைக்க மாட்டேன் என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். விடிந்ததும் கல்லை எடுத்துப் போட்டு இழைத்தேன். மனிதர் நெற்றிக்குத்தானே, கஞ்சி போடவில்லை.

மகள் முன்னாலேயே போய்விட்டாள். நான் கிண்ணத்தோடு போய்ச் சேரும்போது வாசலிலேயே கண்ணைக் காட்டினாள். துடைத்தாயிற்று, நன்றாக ஓடுகிறது. நகத்தால் சுரண்டித்தான் வந்ததாம். பெரிய டீச்சரிடம் கம்பெனிக்காரன் சரிபண்ணிவிட்டான் என்று சொல்லியிருக்கிறாள். அவரும் சரி, மெமோவுக்குப் பதிலை மத்தியானம் கொடு என்றிருக்கிறார்.

அதிகாரி வந்தார். தலை நரைத்தவர், பேச்சு மெதுவாக. வாசலில் பன்னீர் தெளித்து, கற்கண்டு கொடுத்து, சந்தனம் நீட்டினார்கள். அவர் விரலில் நிறைய எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். மீதி விரலிலேயே இருந்தது. நாங்கள் பெற்றோர் எல்லாம் பின்பெஞ்சில். பேத்தியின் வகுப்பு முன்னால். என் மகள் சூரிய கிரகணம் நடத்தினாள். போர்டில் சூரியன், பூமி, நடுவே நிலா. ஒரு பெண் பிள்ளை வந்து விரலால் நிலாவைத் தள்ளினாள். நிலா சூரியனுக்கு முன்னால் வந்தது, பூமியின் மேல் கறுப்பாக நிழல் விழுந்தது. என் சின்ன வயதில் கிரகணத்தன்று வயிற்றுப்பிள்ளைக்காரி வெளியே வரக்கூடாது என்று கதவைச் சாத்தி வைத்திருந்தது இதற்காகத்தானா என்று நினைத்துக்கொண்டேன். அதிகாரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எழுந்து போர்டுக்குக் கிட்டே போனார். இது விரலை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டுக்கொண்டே சட்டத்தின் உள்விளிம்பில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார்.

நிலா ஓடிப்போய் மூலையில் ஒட்டிக்கொண்டது.

சூரியன் ஒரு தடவை பெரிதாகி, சின்னதாகி, ஒரு பக்கமே மறைந்து வேறு ஏதோ வந்தது. பெரிய டீச்சர் என் மகளைப் பார்த்த பார்வையைப் பின்பெஞ்சிலிருந்தே பார்த்தேன். மகளுக்குக் காரணம் தெரியும். ஆனால் வந்திருக்கிற பெரிய மனிதரிடம் உங்கள் கை பட்டதால் என்று எப்படிச் சொல்வாள்? அவள் நடந்து போனாள். முந்தானையால் அந்த விளிம்பைத் துடைத்தாள். நிலா திரும்பி வந்து தன் இடத்தில் நின்றது.

என்னம்மா செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"தூசிங்க சார்" என்றாள் என் மகள்.

அப்போது முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து நின்றது. என் பேத்தி.

"தூசி இல்ல சார். சந்தனம்."

அதிகாரி தன் விரலைப் பார்த்தார். இவள் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் தன் அம்மாவை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும், அந்த மரியாதையையும் விடவில்லை.

"பூசைக்கு வச்ச சந்தனத்துலதான் சார் மொதல்ல கெட்டுச்சு. எங்க மிஸ் கெடுக்கல. மிஸ்தான் கண்டுபுடிச்சாங்க."

பூசையில் போர்டுக்குப் பொட்டு வைத்தது யார் என்று அதிகாரி கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் யார் என்று தெரியும். பெரிய டீச்சர் சுவர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். பேத்தி அவரைப் பார்த்தாள். அப்புறம் திரும்பிக் கையை நீட்டினாள். நேராக என்னை.

"எங்க ஆயா அரச்ச சந்தனம் சார்."

எல்லாத் தலையும் திரும்பியது. வாழ்க்கையில் அப்படி ஒரு திடுக்கிடல் எனக்கு வந்ததில்லை. வீட்டுக்காரர் போன செய்தி வந்த அன்றைக்குக்கூட மனசு கொஞ்சம் தயாராக இருந்தது. இதற்கு இல்லை. ஆனாலும் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லிப் பழக்கமில்லை. எழுந்தேன்.

"ஆமாங்க, நாந்தான் அரச்சேன். மைன்ஸ்ல சக்கரத்துக்கு வக்கிற சந்தனங்க. அந்தச் சக்கரம் ஒரு நாளும் அதால நின்னதில்ல."

யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. பெரிய டீச்சர் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"அரச்சது அவங்க சார். வச்சது நான்."

குரல் உயரவில்லை, தாழவும் இல்லை. ஒவ்வொரு மூலையாகத் தன் கையால் வைத்ததையும், அதனால்தான் கெட்டது என்று இந்த நிமிஷம் வரை தனக்குத் தெரியாததையும், டீச்சர் மேல் தவறு இல்லை என்பதையும் சொன்னார். அத்தனை பிள்ளைகளுக்கும், பெற்றோருக்கும், அந்த டெம்ப்ரவரி என்று பேசிய சாருக்கும் முன்னால். அவர் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. சொல்ல மாட்டார் என்று வீட்டில் மூன்று பேரும் முடிவு கட்டியிருந்தோம். என் மகள் போர்டைப் பிடித்துக்கொள்ளப் போய், சட்டத்தில் கை படக்கூடாது என்று நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டாள்.

அதிகாரி கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். "இன்னிக்கி வச்சது நாந்தாங்க" என்றார். அப்புறம்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் போன பிறகு வராந்தாவில் பெரிய டீச்சர் என் மகளைக் கூப்பிட்டு, மெமோவுக்கு எழுதியதைக் கொடு என்று கையை நீட்டினார். மகள் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். நின்றபடியே படித்தார். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. போர்டு கெட்ட அன்றுகூட அவர் இப்படி ஆகியிருக்க மாட்டார்.

"காரணம் தெரிஞ்சிக்கினே இத எழுதினியா? எப்படிம்மா மனசு வந்துது உனக்கு?"

நான்தான் சொன்னேன்.

"டெம்ப்ரவரிங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தாளையும், தான் கொடுத்த மெமோவையும் வாங்கி நான்காக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பேத்தியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் மூடி வைத்ததைச் சபையில் போட்டு உடைத்தவள். திட்டலாம் என்று வாயெடுத்தால், பெரிய டீச்சரைக் காட்டாமல் என்னைக் காட்டினாளே, அந்த யோசனை இந்த வயதில் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அதிலேயே மனசு போய் நிற்கிறது. ஏன்டி என்னைக் காட்டினாய் என்று கேட்டேன். உனக்குத்தான் ஆயா பயமில்லை, உன்னை யாரும் வேலையை விட்டு எடுக்க முடியாது என்றாள். சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம் அதைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஜூனில் மகளுக்கு ஆர்டர் வந்தது. போர்டும் அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. நிரந்தர வேலை இன்னும் வரவில்லை. பெரிய டீச்சர் எழுதினார் என்று கேள்விப்பட்டேன். எழுதினதும் நடந்துவிடுமா என்ன.

அடுத்த ஆயுத பூசைக்கும் எனக்கு அழைப்பு வந்தது. பழக்கத்தை விடுவேனா, கஞ்சி போட்டே அரைத்து எடுத்துப் போனேன். மணிக்கு வைத்தார்கள், தராசுக்கு வைத்தார்கள். போர்டு முறை வந்தது. பெரிய டீச்சர் கிண்ணத்தைத் தொடவில்லை. போர்டுக்கு என்று ஒரு பேனா இருக்கிறது, அதை எடுத்தார். மகள் நிறம் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளைப் பலகையின் நடுவில், உள்ளேயே, மஞ்சளாக வட்டம் போட்டு நடுவே சிவப்பு வைத்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு பூ வரைந்தார்கள். தள்ளி நின்று கற்பூரம் காட்டினார்கள். வாசனை இல்லாத சந்தனம். சரி, கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிடப் போனேன். அதற்குள் ஒரு பிள்ளை எதையோ அழுத்த, பொட்டு, பூ எல்லாம் போய்ப் பலகை வெறிச்சென்று ஆகிவிட்டது. பூசை முடிந்த கையோடு பொட்டை அழிக்கிற வழக்கத்தை நான் எங்கும் கண்டதில்லை. என் உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது.

பெரிய டீச்சர் அதைக் கவனித்திருக்க வேண்டும். என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்து, நீங்க செவுத்துல வைங்கம்மா, போர்டுக்குப் பக்கத்துல, அதுக்கு ஒண்ணும் ஆகாது என்றார். வைத்தேன். போன கோடையில் சுண்ணாம்பு அடித்தார்களாம். அந்தப் பொட்டைச் சுரண்டிப் பார்த்து, வராமல் விட்டுவிட்டு, அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். வெள்ளைக்கு அடியில் இன்னும் மஞ்சளாகத் தெரிகிறது என்று மகள் சொன்னாள்.

அவ்வளவுதான். போதும், பேனாவை வை. கை வலிக்கிறதா? உள்ளங்கையைக் கொஞ்சம் நீவிக்கொள். அப்புறம் முதலிலிருந்து எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு. நீ எழுந்து நின்று என்னைக் காட்டினாயே, அந்த இடத்தை எழுதியிருக்கிறாயா, இல்லை வெட்கப்பட்டு விட்டுவிட்டாயா என்று நான் கேட்க வேண்டும்.